மழையில் எடுக்கிற வண்டி

கோப்பெங்
9 மார்ச் 2025

தங்கச்சி தினேஸ்வரிக்கு,

அண்ணன் கோகிலன் எழுதுவது. உன் போனில் என்னைத் தடுத்து வைத்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. தபால்காரரை அப்படித் தடுக்க முடியாது என்று நேற்றுத்தான் தோன்றியது. பாரிட் புந்தார் முகவரியை உன் கல்யாணப் பத்திரிகையிலிருந்து எடுத்தேன். இன்னும் அதே வீடுதானா என்று தெரியாது.

மகளுக்கு நிலாஷினி என்று பெயர் வைத்ததாகக் கேள்விப்பட்டேன். நல்ல பெயர்.

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். எல்லாவற்றிலும் மன்னிப்புக் கேட்டிருந்தேன். படித்துப் பார்த்தால் எனக்கே பிடிக்கவில்லை. அதனால் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

டட்சன் காரை விற்றுவிட்டேன். தீபாவளிக்கு முந்தின வாரம் கோலாலம்பூரிலிருந்து ஒருவர் வந்தார். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு கதவைத் திறந்து பார்த்தார். ஓட்டிக்கொண்டு போவார் என்று நினைத்தேன். லோரி கொண்டுவந்து அதில் ஏற்றி, மேலே துணி போர்த்திக் கொண்டுபோனார். கண்காட்சிக்காக ஏழு வருடம் தேய்த்துத் தேய்த்துச் செய்த வண்டி. ரோட்டில் நின்று பார்த்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். பசிதான் வந்தது. பக்கத்து வீட்டு முத்தம்மா அக்காவிடம் போய் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

இப்போது வேறொரு வண்டி எடுத்திருக்கிறேன். தொண்ணூறாம் வருடத்துச் சாகா கார். பத்துமலை அண்ணனை உனக்கு நினைவிருக்கும். நம் தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகும் அங்கேயே ஆடு வளர்க்கிறாரே, அவர்தான். அவர் வீட்டுக்குப் பின்னால் இந்த வண்டி பதினோரு வருடமாகக் கோழிக்கூடாக இருந்தது. அவருடைய தண்ணீர் பம்பைச் சரிசெய்து கொடுத்தேன். "எடுத்துக்கோலா. முட்டைய மட்டும் எனக்கு விட்டுரு" என்றார்.

இது கண்காட்சிக்குப் போகிற வண்டி இல்லை. மழையில், சேற்றில், நினைத்த நேரத்தில் பயப்படாமல் எடுக்கிற வண்டியாக இதைச் செய்யப் போகிறேன். இதை யாரிடமாவது சொல்ல வேண்டுமென்றால் உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

பதில் வராவிட்டால் அதுவும் நியாயம்தான்.

கோகிலன்


பாரிட் புந்தார்
2 ஏப்ரல் 2025

கோகிலன் அண்ணன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. முகவரி சரிதான்.

டட்சனை விற்றதற்கு நான் என்ன செய்ய வேண்டும்? பாலர் பள்ளியில் என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்குச் செய்வதுபோல் உங்கள் கையிலும் ஒரு நட்சத்திர முத்திரை குத்தட்டுமா?

நடந்ததை மட்டும் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். நடந்ததில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். நான் சொல்கிறேன்.

2022 நவம்பர். பிற்பகல் மூன்று மணி. பிரசவத்துக்கு உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். மூன்று வாரம் முன்னதாகவே வலி எடுத்துவிட்டது. என் வீட்டுக்காரர் தர்மா இங்கே அரிசி ஆலையில் வேலையில் இருந்தார். வெளியே மழை. கொட்டகையில் உங்கள் சிவப்பு டட்சன். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, வண்டிய எடுண்ணே" என்றேன். நீங்கள் வானத்தைப் பார்த்தீர்கள். என்னைப் பார்க்கவில்லை. "பத்து நிமிஷம் பொறுலா, மழை விட்டுரும்" என்றீர்கள்.

முத்தம்மா அக்கா நடுரோட்டில் நின்று, செம்பனைக் குலை ஏற்றிவந்த லோரியை மறித்தார். அதில்தான் ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஓட்டியவர் யாரென்று இன்றுவரை தெரியாது. வழியெல்லாம் வாய்க்குள் எதையோ ஓதிக்கொண்டே ஓட்டினார். குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் அறுத்து எடுத்தார்கள். சரியான நேரத்துக்கு வந்தீர்கள் என்று டாக்டர் சொன்னார்.

மழை எப்போது விட்டது என்று பிற்பாடு முத்தம்மா அக்காவிடம் கேட்டேன். ராத்திரி எட்டு மணிக்காம்.

கல்யாணமாகி எட்டு வருடம் கழித்துக் கிடைத்த பிள்ளை.

இதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றுமில்லை.

தினேஸ்வரி

பி.கு. அந்தக் கோழிகள் எங்கே போயின?


கோப்பெங்
20 ஏப்ரல் 2025

தினேஸ்வரிக்கு,

கோழிகள் நலம். பத்துமலை அண்ணன் பலகையில் புதுக்கூடு அடித்துக் கொடுத்துவிட்டார். ஒரு கறுப்புக் கோழிக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. இன்னும் தினமும் வந்து, வண்டியின் பின்பெட்டியில்தான் முட்டையிடுகிறது.

நீ எழுதியது அத்தனையும் உண்மை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அன்று உன்னைப் பார்த்திருந்தால் வண்டியை எடுத்திருப்பேன். அது தெரிந்துதான் பார்க்காமல் இருந்தேன். கண்காட்சிக்கு மூன்று நாள் இருந்தது. அடியில் சேறு பட்டுவிடுமே என்பதைத் தவிர என் தலைக்குள் வேறு எதுவும் இல்லை. லோரி போன பிறகு மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கீழே நனைந்துகொண்டு நின்றேன். மேலே வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாய். அதுவும் சரிதான். கண்காட்சிக்கு நான் போகவில்லை. அதன் பிறகு எந்தக் கண்காட்சிக்கும் போகவில்லை.

என்னை மன்னித்துவிடு. இந்தத் தடவை இதைக் கிழிக்கவில்லை.

வண்டியைப் பற்றியும் எழுதலாமா? நீ கேட்கவில்லைதான்.

தரைத் தகடு முழுக்கத் துரு. உள்ளே உட்கார்ந்தால் கீழே புல் தெரிந்தது. அதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து ஒட்டினேன். டட்சனுக்கு நான் முதலில் வாங்கியது பெயிண்ட். இதற்கு முதலில் வாங்கியது பிரேக். நான்கு சக்கரத்துக்கும் புதிது. அடுத்தது டயர், அப்புறம் ரேடியேட்டர். பின் இருக்கைக்கும் பெல்ட் வைத்தாயிற்று. கம்பளம் கிடையாது, ரப்பர் விரிப்புத்தான். எவ்வளவு அழுக்கானாலும் குழாயைப் பிடித்துக் கழுவிவிடலாம்.

போன சனிக்கிழமை இஞ்சின் முதல் தடவையாக ஓடியது. பத்துமலை அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"ஓடுதாலா?"

"ஓடுதுண்ணே."

"அப்ப ஏன் நிக்கிற? போ!"

புழுக்கமாக இருந்ததால் காற்றாடியைப் போட்டேன். பதினோரு வருடத்துக் கோழி இறகு அத்தனையும் குழாய் வழியாக ஒரே அடியாகக் கிளம்பி எங்கள் முகத்தில் அடித்தது. ஒன்றும் தெரியவில்லை. அப்படியே செம்பனைக்கு நடுவே ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம். அவர் வாயிலிருந்து இறகைத் துப்பிக்கொண்டே, "பிரேக் நல்லாருக்கு" என்றார்.

கோகிலன்


பாரிட் புந்தார்
18 மே 2025

அண்ணனுக்கு,

என் வீட்டுக்காரர் மூன்று ஞாயிற்றுக்கிழமையாக ஆலையில் கூடுதல் வேலை என்று சொல்லிவிட்டுப் போனார். போன வாரம் அவர் சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில் ஒரு கறுப்பு இறகு.

"அரிசி ஆலையில கோழி வளக்குறாங்களா?" என்று கேட்டேன்.

மனிதர் கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தார். பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கோப்பெங் வரைக்கும் மோட்டார் சைக்கிளில் வந்து, உங்களோடு சேர்ந்து வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறார். "மிதிச்சா கல்லு மாதிரி நிக்குது தினேஸ்" என்று பிரேக்கைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். எங்கள் கல்யாணத்தைப் பற்றிக்கூட இவ்வளவு பேசியதில்லை.

உங்கள் இருவர் மேலும் எனக்குக் கோபம். அவர் மேல் கொஞ்சம் அதிகம். கையெட்டும் தூரத்தில் இருக்கிறார்.

இங்கே எல்லாரும் நலம். வேலைக்கு பாகான் செராய் வரை போகிறேன். மகள் ஷினியையும் அதே பாலர் பள்ளியில் சேர்த்துவிட்டேன். மோட்டார் சைக்கிளில் எனக்கு முன்னால் நின்றுகொள்வாள். மழை வந்தால் என் மழைக்கோட்டுக்குள் புகுந்து, பொத்தானுக்கு நடுவில் மூக்கை மட்டும் நீட்டுவாள். லோரி கடந்து போகும்போது சேற்றுத் தண்ணீர் எங்கள் மேல் மொத்தமாக விழும். அவளுக்கு அது விளையாட்டு. நான்தான் ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொள்கிறேன். இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. பேனா ஓடுகிறது.

இன்னொன்று. அவளுக்கு மூன்று வயதாகப் போகிறது, இன்னும் காது குத்தவில்லை. மாமியார் நாள் பார்த்துவிட்டார். செப்டம்பர் ஐந்து, வெள்ளிக்கிழமை, பொது விடுமுறை. "தாய்மாமன் மடி வேணுமே, யாரு உக்காரப் போறா?" என்று தினமும் கேட்கிறார். நான் அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.

இதற்கு நீ ஏதாவது அர்த்தம் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டாம். சும்மா செய்திதான்.

தினேஸ்வரி


கோப்பெங்
22 ஜூன் 2025

தினேஸ்வரிக்கு,

கடைசிப் பக்கத்தில் ஒரு 'நீ' விழுந்திருந்தது. இரண்டு கடிதமாக நீங்கள், உங்கள் என்று எழுதிவந்தவள் நீ. தவறி விழுந்ததோ என்னவோ, நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

தாய்மாமன் மடியைப் பற்றி நான் எதுவும் கேட்கப் போவதில்லை. அது உன் வீட்டு விசேஷம்.

இப்போது ஒரு கெட்ட செய்தி. வேறு யாரிடமும் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வண்டிக்குப் பெயிண்ட் அடித்துவிட்டேன். வேண்டுமென்றே சாதாரணப் பச்சை பெயிண்ட் வாங்கி, சுவருக்கு அடிப்பதுபோல் ரோலரால் அடித்தேன். அசிங்கமாக வரட்டும், அப்போதுதான் பயம் வராது என்று கணக்குப் போட்டேன். ஆனால் தினேஸ், அது அழகாக வந்துவிட்டது. காலை வெயிலில் பார்த்தால் நாற்று வயல் மாதிரி இருக்கிறது.

மறுநாள் ஒரு மைனா அதன் மேல் எச்சம் போட்டது. ஓடிப்போய்த் துடைத்தேன். அடுத்த நாள் மெல்லிய துணி வாங்கித் துடைத்தேன். அதற்கு அடுத்த வாரம், எப்படி நடந்தது என்றே தெரியவில்லை, டட்சனுடைய பழைய உறையைத் தேடி எடுத்து இதன் மேல் போர்த்திவிட்டேன். இரண்டு வாரமாக வேலைக்கு மோட்டார் சைக்கிளில்தான் போகிறேன். கேட்டால், தூறல்.

பிரேக்கை மாற்றிவிட்டேன், தகட்டை மாற்றிவிட்டேன். ஓட்டுகிறவன் மட்டும் பழையவனாகவே இருக்கிறான் என்று பயமாக இருக்கிறது.

கோகிலன்


பாரிட் புந்தார்
1 ஜூலை 2025

டேய் அண்ணா,

உடனே எழுதுகிறேன். இதைக் கையில் வைத்துக்கொண்டே கொட்டகைக்குப் போ. உறையை உருவு. பத்துமலை அண்ணனிடம் கொடுத்துவிடு, ஆட்டுக்கொட்டகைக்கு மேலே கட்டிக்கொள்ளட்டும். அப்புறம் அவருடைய ஆடு ஒன்றை வண்டியில் ஏற்று. பின் இருக்கையில். கொம்பு உள்ள ஆடு. முத்தம்மா அக்காவைப் பாசாருக்குக் கூட்டிப் போ. மீன் வாங்கட்டும். பை ஒழுகினால் ஒழுகட்டும். மழை வருகிற நாளாகப் பார்த்து மலைப்பாதையில் ஏறு. எல்லாம் முடித்துவிட்டு எழுது. முடிக்காமல் எழுதாதே.

உனக்கு மட்டும்தான் பயம் என்று நினைக்காதே. மூன்று மணிக்கு மழை பிடித்தால் பிடித்துக்கொள்ள இன்னும் சுவரைத்தான் தேடுகிறேன். ஆனாலும் அந்த மழையில்தான் தினமும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீடு திரும்புகிறேன். போகப் போகப் பயம் குறைகிறது. போகாமல் இருந்தால் குறையாது.

நாற்று வயல் மாதிரியாம். வயலில் இறங்கினால் சேறு படும். போ.

தினேஸ்


கோப்பெங்
27 ஜூலை 2025

தங்கச்சிக்கு,

உத்தரவுப்படி எல்லாம் முடிந்தது.

பத்துமலை அண்ணனின் பெரிய கிடாவுக்குக் காலில் புண். ஈப்போவில் கால்நடை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றார். ஏற்றினோம். கோப்பெங் டவுன் தாண்டுவதற்குள் அது இருக்கையில் திரும்பிப் படுக்கப் பார்த்தது. 'கர்ர்' என்று ஒரு சத்தம். உள்ளங்கை நீளத்துக்குக் கதவின் உட்பக்கம் கிழிந்துவிட்டது. இறங்கும்போது வெளிப்பக்கமும் ஒரு கோடு. பெயிண்ட் போய்த் தகடு தெரிந்தது. பத்துமலை அண்ணன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"கோவிச்சுக்காதலா கோகிலா. வாயில்லாத ஜீவன்."

நான் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் எங்கிருந்து வரும் என்று எனக்குத் தெரியும், இங்கே, நெஞ்சுக்கு நடுவிலிருந்து. காத்திருந்தேன். வரவில்லை தினேஸ். அதற்குப் பதிலாகச் சிரிப்பு வந்தது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கிடாவுக்கும் புரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை முத்தம்மா அக்காவுக்குத் தாப்பாவில் ஒரு வேலை. அதை முடித்து, அங்கேயே பாசாரில் மீனும் வாங்கிக்கொண்டு, அப்படியே கேமரன் மலைப்பாதையில் ஏறினோம். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. உனக்குத் தெரியுமே, எதிரே வருகிற பஸ் தெரியாத மழை. மடியில் மீன் பையோடு அக்கா என்னைப் பார்த்தார்.

"ஏன்லா தனியா சிரிச்சிக்கிட்டு வார?"

"மழை பேயுதுக்கா."

"அதுக்கு?"

"வைப்பர் ரெண்டும் வேலை செய்யுது."

வளைவுக்கு வளைவு வண்டி சொன்னபடி கேட்டது. மேலே ஓரமாக நிறுத்தி, சோளம் வாங்கித் தின்றோம். மீன் தண்ணீர் ஒழுகியது உண்மை. வண்டி இன்னும் நாறுகிறது. இப்போது தினமும் அதில்தான் வேலைக்குப் போகிறேன்.

கேட்க மாட்டேன் என்று எழுதியிருந்தேன். இப்போது கேட்கிறேன். செப்டம்பர் ஐந்தாம் தேதி நான் வரலாமா? மடியில் உட்கார வைக்க வேண்டாம். வாசல் வரைக்கும் போதும்.

கோகிலன்


பாரிட் புந்தார்
6 ஆகஸ்ட் 2025

அண்ணா,

வாசலில் நிற்க வாடகைப் பந்தல்காரர் இருக்கிறார். நீ உள்ளே வா. எட்டு மணிக்கு. கிரீஸ் படாத வேட்டியாகக் கட்டிக்கொண்டு வா.

தினேஸ்


பாரிட் புந்தார்
10 செப்டம்பர் 2025

அண்ணா,

போனில் நீ இன்னும் தடுப்பில்தான் இருக்கிறாய். எடுத்துவிட்டால் நீ இப்படி எழுத மாட்டாய், 'ஓகே', 'சரிலா' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாய். அதனால் கொஞ்ச நாள் இப்படியே இருக்கட்டும்.

நீ வந்து இறங்கியபோது சக்கரம் முழுக்கச் சேறு. வாய்க்கால் ரோட்டில் வந்தாயா? மாமியார் என் காதில், "இது என்னம்மா, தவளை மாதிரி ஒரு கார்" என்றார். உன்னைப் பார்த்ததும் நான் என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். நீயும் எதையோ வைத்திருந்தாய், தெரிந்தது. கடைசியில் நான் "சாப்பிட்டியா" என்றேன். நீ "இல்லை" என்றாய். போதும்.

அப்புறம் ஷினி செய்த கூத்து. உன் மடியைப் பார்த்ததும் அலறினாளே! புது ஆள், புது வேட்டி, எதிரே ஊசியோடு பழனியப்பன் ஆசாரி. பந்தலைவிட்டு ஓடி, திறந்திருந்த உன் வண்டிக்குள் ஏறி, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டாள். யார் கூப்பிட்டும் இறங்கவில்லை. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. நீ மெல்லப் போய் ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்தாய். அவளிடம் என்ன சொன்னாய் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் உன் மடியில் இருந்தாள், கை ஹாரன் மேல் இருந்தது.

ஆசாரி கதவு வழியாக உடம்பை நுழைத்துக் குத்தினார். இடது காதுக்கு ஒரு நீள ஹாரன். வலது காதுக்கு அதைவிட நீளம். அழுகை பாதி, ஹாரன் பாதி. எதிர்வீட்டு ரஹ்மத் அக்கா யாரோ சண்டை போடுகிறார்கள் என்று பயந்து வெளியே வந்துவிட்டார். இந்தத் தெருவில் யாருடைய காதும் இப்படிக் குத்தப்பட்டதில்லை.

பிறகு அழுகையை நிறுத்த பாயசம் கொடுத்தார்கள். அவள் அந்தக் கிண்ணத்தை அப்படியே இருக்கையில் கவிழ்த்தாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். நான் உன் முகத்தைப் பார்த்தேன் அண்ணா. ஒளிக்காமல் சொல்கிறேன், அதற்காகவே காத்திருந்தேன். நீ விரலால் வழித்து வாயில் வைத்து, "சக்கரை கொஞ்சம் கம்மி" என்றாய்.

அந்த இடத்தில்தான் முடிவு செய்தேன்.

மறுநாள் காலை நீ குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது, சாவியை எடுத்துக்கொண்டு ஷினியோடு பாகான் செராய் வரை போய் வந்தேன். மழை இல்லை, வேலையும் இல்லை, சும்மாதான். கிளட்ச் என் காலுக்குச் சரியாக இருந்தது. அவள் பின்னால் பெல்ட் போட்டுக்கொண்டு முழு நேரமும் பேசிக்கொண்டே வந்தாள். மோட்டார் சைக்கிளில் காற்றுக்கு அவள் பேசுவதே எனக்குக் கேட்காது. இத்தனை கேள்வி கேட்கிற பிள்ளை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

திரும்பி வந்து, "நீ ரயில்ல போண்ணே. வண்டி இங்க நிக்கட்டும்" என்றேன். நீ ஒரு வார்த்தை பேசாமல் பையைத் தூக்கிக்கொண்டு தர்மாவோடு ஸ்டேஷனுக்குப் போய்விட்டாய். நாலு நாளாக அது உறுத்துகிறது. கோபமா? கேட்காமல் பிடுங்கிக்கொண்டேனா?

திங்கட்கிழமை மூன்று மணிக்கு மழை கொட்டியது. நாங்கள் இருவரும் நனையாமல் வீடு வந்தோம். வண்டியைத் திருப்பித் தருகிற எண்ணம் எனக்கு இல்லை. கோபமென்றால் எழுதித் தொலை.

தினேஸ்


கோப்பெங்
14 செப்டம்பர் 2025

தினேஸ்,

கோபம் இல்லை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்றுதான் பேசாமல் போனேன். தர்மாவுக்கு முன்னால் அழக்கூடாது என்று பிடித்துவைத்து, ரயில் தைப்பிங் தாண்டும்போது அழுதேன். பக்கத்தில் இருந்த சீனக் கிழவர் ஆரஞ்சுப் பழம் ஒன்றை உரித்துக் கொடுத்தார்.

வண்டிக்குள் முன்பக்கம், இடது கை இருக்கைக்கு எதிரே ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. நீ இன்னும் அதைத் திறக்கவில்லை என்று உன் கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. மூடி இறுக்கமாக இருக்கும், கீழே ஒரு தட்டுத் தட்டு. உள்ளே வாகனச் சோதனைச் சீட்டு இருக்கும். என்ன தேதி போட்டிருக்கிறது, எதற்கான சோதனை என்று பார்.

செப்டம்பர் இரண்டு. வண்டியை உன் பெயருக்கு மாற்றுவதற்கு.

மே மாதம் நீ மழைக்கோட்டைப் பற்றி எழுதியபோதே அது உன் வண்டி என்று ஆகிவிட்டது. கிளட்ச் உன் காலுக்குச் சரியாக இருந்ததாக எழுதியிருக்கிறாய். அது தானாகச் சரியாக இல்லை. உன் உயரத்தைத் தர்மாவிடம் கேட்டு, இருக்கையை முன்னால் இழுத்து வைத்தேன். விசேஷத்தன்று காலையிலிருந்து சாயங்காலம் வரை அதை உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. லஞ்சம் என்று முகத்தில் எறிந்துவிடுவாயோ என்று பயம். மலைப்பாதையில் மழையில் வராத பயம் உன் வீட்டுப் பந்தலில் வந்தது. நல்லவேளை, நீயே எடுத்துக்கொண்டாய்.

வருகிற 25ஆம் தேதி, வியாழக்கிழமை. தைப்பிங் ஜேபிஜே, அதான் சாலைப் போக்குவரத்து அலுவலகம், காலை ஒன்பது மணி. இருவரும் போய் விரல்ரேகை வைக்க வேண்டும். அடையாள அட்டையை மறக்காதே. ஷினியைக் கூட்டி வா. நான் ரயிலில் வந்துவிடுகிறேன்.

வண்டியை நீயே ஓட்டிக்கொண்டு வா.

அண்ணன்